தரையில் அடித்த வெளிச்சம்

டுவேனின் துப்பாக்கிக் கடையில் நான் கால் வைத்ததே மகளுக்காகத்தான். இல்லையென்றால், மூன்றாம் வகுப்பில் நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் வாந்தியெடுத்த பயலிடம் போய் யோசனை கேட்பேனா?

போன மாதம் மகள் ரெனே ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து, சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தாள். பின்கதவு கிறீச்சிட்டது. தனியாக இருப்பவள் நான். எங்கள் ஒக்லஹோமாக் காட்டுப் பக்கம் போலீஸ் ஷெரீஃப் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். இருட்டில் துப்பாக்கியை நீட்டிவிட்டேன். "அம்மா!" என்று அலறியதால் பிழைத்தாள். கைக்குழந்தையோடு என்னிடமே குடிவர இருந்தவள், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

"ஆள் யாருன்னு தெரியாம நீட்டுற வீட்டுல என் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றுவிட்டாள்.

அதனால்தான் துப்பாக்கிக் குழலுக்கு அடியில் மாட்டும் விளக்கு வாங்கப் புறப்பட்டேன். ரெனேயையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இந்தச் சின்னதே போதும்டா. விளக்கோட துப்பாக்கி பழைய உறையிலேயே நுழையும்."

"மிஸ் ஓபல், பெருசை எடுங்க. உறையைப் புதுசா வாங்கிக்கலாம்."

"என்கிட்டயே வியாபாரமா? உன் சட்டையைக் கழுவிவிட்டவடா நான்!"

"ஊர் பூரா சொல்லியாச்சு, இன்னும் விட மாட்டேங்கிறீங்களே!"

பயிற்சிக்கு வைத்திருக்கும் நீல ரப்பர்த் துப்பாக்கியில் சின்ன விளக்கை மாட்டிக் கொடுத்து, ஜன்னலில்லாத கிடங்கறையைக் காட்டினான். ரெனே எனக்கு முன்னால் உள்ளே போய் இருட்டில் நின்றுகொண்டாள்.

சுவிட்சை அழுத்தினேன். அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தியா! நீதான்னு தெரிஞ்சிடுச்சு!"

"தெரிஞ்சுது சரி. துப்பாக்கி எங்க இருக்கு, பாரும்மா."

அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. ரப்பர்தான். ஆனாலும், "சனியனே, இதுக்கு இருட்டே தேவலை" என்று கையைத் தாழ்த்தினேன். தரையில் ஒரு தட்டளவுக்கு மட்டும் வெளிச்சம் விழுந்தது. ரெனே மறைந்துபோனாள்.

டுவேன் பெரிய விளக்கை மாட்டித் தந்தான். "ஆள் மேல காட்டாதீங்க. தரையைப் பாத்து வெளிச்சத்தை அடிங்க."

சிமெண்டில் பட்ட வெளிச்சம் அறை முழுக்கப் பரவியது. அட்டைப் பெட்டிகள், கூரை, தூக்கம் கெட்ட கண்களோடு என் மகள், எல்லாமே தெரிந்தன. குழல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அட, இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

ரெனே சிரிக்கவில்லை. "இன்னொண்ணு பாக்கி இருக்கும்மா. நீ அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

"என்னத்தடி?"

"யாருன்னு."

விளக்கை அணைத்துவிட்டு, டுவேனிடம் கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை அடக்கிய அதே குரலில் கேட்டேன்.

"யாரது?"

இருட்டிலிருந்து, என் வீட்டுப் பின்கதவில் நிற்பவள் போலப் பதில் வந்தது.

"நான்தாம்மா, ரெனே. வீட்டுக்கு வந்திருக்கேன். பிள்ளையும் என்கூட இருக்கான்."