இரண்டாம் நம்பர் பிரஷ்

அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அவளுடைய கார் கழுவும் நிலையத்தைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டான் என்றால், நிஜமாகவே பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தான். வண்டிக்காரர்கள் தாங்களே டோக்கன் போட்டு, தாங்களே தண்ணீர் அடித்து, தாங்களே தேய்த்துக் கழுவிக்கொண்டு போகிற இடம் அது. டிரைவிங் ஸ்கூலில் சாலைக் குறிகள் பாடம் எடுக்கும் வேலைக்கு இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு நன்றாகவே வரும். அதற்கு மனைவியின் சான்றிதழே உண்டு.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டாம் நம்பர் கொட்டகையிலிருந்து டாக்ஸி ஓட்டும் அம்மாள் குரல் கொடுத்தாள்.

"சார், பிரஷ்ல நுரையே வரல. வெறும் தண்ணி மாதிரி ஒழுகுது."

நீளக் கைப்பிடிக்குள்ளேயே ஷாம்பு நுரை ஓடிவந்து பிரஷ் முடிகளுக்கு நடுவே பொங்க வேண்டும். அன்றைக்கு அது சளிபிடித்தவன் மூக்கு மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். அக்காவைக் கேட்டிருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து வீட்டில் மிக்ஸி, மின்விசிறி, சைக்கிள் என்று எது கெட்டாலும் கழற்றி மாட்டியது அக்காதான். அவன் டார்ச் பிடிப்பான். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்குவான். நாற்பத்தாறு வயதில் ஒரு ஸ்பேனரையாவது சொந்தப் பொறுப்பில் திருப்பிப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

"அஞ்சே நிமிஷம்மா. சின்ன அடைப்புதான்" என்றான், அடைப்பு எங்கே என்று தெரியாமலேயே.

பின்னால் பம்ப் அறை. ஷாம்பு டிரம்மிலிருந்து வரும் குழாயும் காற்றுக் குழாயும் ஒன்று சேர்ந்து பிரஷுக்குப் போகும் வழியில் கட்டைவிரல் அளவு பித்தளை வால்வு ஒன்று இருந்தது. ஒரு பக்கமாகப் போவதை விடும், திரும்பி வருவதை விடாது. பம்பை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினான். உள்ளே ஷாம்பு காய்ந்து பழைய பசை மாதிரி இறுகிப்போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவன் செய்தது எல்லாமே சரி. அந்த நிமிஷத்தோடு யாராவது அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

வால்வை மாட்டி பம்பைப் போட்டான்.

"இப்ப வருதா?"

"வந்துக்கிட்டிருந்ததும் நின்னுபோச்சு சார்!"

அழுத்தம் போதவில்லை என்று தீர்மானித்து, பம்பின் அழுத்தத் திருகை அக்கா போட்டுவைத்திருந்த கோட்டைத் தாண்டிக் கூட்டி வைத்தான். தீர்மானிப்பதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் எப்போதுமே நினைத்ததில்லை. பட்டென்று குழாய் மூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டது. நுரை அவன் முகத்தில் அடித்து, சுவரில் ஏறி, இடுப்பு வரைக்கும் எழும்பியது. தட்டுத்தடுமாறி சுவிட்சை அணைத்து வெளியே வந்தபோது, மயிர் கத்தரிக்காத செம்மறியாடு போல இருந்தான்.

டாக்ஸிக்காரம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நுரை நல்லா கெட்டியாத்தான் இருக்கு சார். என் வண்டிக்குத்தான் வரல."

குழாய் பழசு என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டான். நடந்ததை நடந்தபடியே சொன்னான்.

"வால்வைக் காட்டு. மேல என்ன போட்டிருக்கு?"

துடைத்துப் பார்த்தான். "அம்புக்குறி."

"எந்தப் பக்கம் பாக்குது?"

"டிரம்மைப் பாக்குது."

"டேய், நீ ஸ்கூல்ல என்னடா சொல்லிக்குடுக்கற?"

பதினோரு வருஷமாக, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கம் நுழைகிறவனுக்குக் கண் பின்மண்டையிலா இருக்கிறது என்று வகுப்புக்கு வகுப்பு கேட்டுவந்தவன் அவன். தன் பின்மண்டையைத் தடவினான். அங்கேயும் நுரைதான் இருந்தது.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், "ஐயோ, கால் வலிக்குதுடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திரையில் அத்தான் முகம் எட்டிப் பார்த்தது.

"என்ன மாப்ள பண்ணுன? நாலு நாளா செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தா. ஒரு வார்த்தை பேசல."

இது அவனுக்குத் தெரியாது. தினமும் போன் செய்து, "எல்லாம் நல்லா போகுதுக்கா, நீ ரெஸ்ட் எடு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நீ இல்லாமலேயே எல்லாம் நடக்கிறது என்றுதான் அது அவள் காதில் விழுந்திருக்கிறது.

டாக்ஸிக்காரம்மாள் போனைப் பிடித்துக்கொள்ள, அக்கா சொல்லச் சொல்ல அவன் செய்தான். அம்பைப் பிரஷ் பக்கம் திருப்பினான். மரையில் வெள்ளை டேப் சுற்றினான். குழாயைச் செருகிக் கிளிப்பை முடுக்கினான்.

"இன்னும் கால் சுத்து. போதும். போதும்னா போதும்டா! கூட்டி வச்சியே, அதைப் பழைய கோட்டுக்கே கொண்டுவா."

பம்பைப் போட்டதும் பிரஷில் வெள்ளை வெளேரென்று பொங்கியது. டாக்ஸிக்காரம்மாள் போனை அவனிடம் திணித்துவிட்டுத் தேய்க்க ஓடினாள். பம்ப் அறையைத் துடைத்து முடிக்க அவனுக்கு மத்தியானம் ஆயிற்று.

மூன்று மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டும் பேனாவும்.

"முதல் கொட்டகையில பிரஷ் முடியெல்லாம் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. அலமாரியில புதுசு இருக்கு, எடு. மாத்திடலாம்."

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

"அக்கா, எந்தப் பக்கம் திருப்பணும்?"

"அப்படிக் கேளு" என்று அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "முதல்ல ஸ்பேனரை நேரா பிடி."