மூலைப் பாத்தியில் பதினோரு டயர்

...அக்கா அமராவதி, உப்பளத்து வரப்பின் மேல். அவளுக்குப் பக்கத்தில் பாத்தி மிதிக்கிற குப்பம்மாள், கையில் தண்ணீர்ச் சொம்பு. உப்புக் கொட்டகை நிழலில் கோட்டக்குப்பத்துக் காயலான்கடை மீரான் பாய். தோளில் பையோடு, கம்பெனியில் கூட வேலை செய்கிற புருஷோத்தமன். வண்டி மேல் அவன், கொளஞ்சி. ஐந்து பேர். எதற்கு எண்ணுகிறான்? கார் கம்பெனி லைனில் ஷிஃப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசர் தலை எண்ணுவார், அந்தப் பழக்கம்... கம்பெனியை விட்டு வந்து இரண்டு மாதமாகியும் போகவில்லை. விட்டு வந்தானா? இன்னும் இல்லை. இன்று ஞாயிறு, ஐந்து மணிக்குக் கான்ட்ராக்டர் வேன் ரோட்டோரம் வந்து நிற்கும், ஏறினால் ராத்திரி ஷிஃப்ட், ஏறாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், அதைச் சொல்லத்தான் புருஷோத்தமன் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறான். அக்காவும் காலையிலேயே சொல்லிவிட்டாள். "வண்டி ஓட்டிப் பாக்க மூலைப் பாத்தி ஒண்ணுதான் குடுப்பேன். அத்த நீ ஒடைச்சியோ, உன் வண்டி பாய் கடைக்கு, நீ வேனுக்கு. நான் சொல்லணும்னு இல்ல, நீயே போயிடுவ." போய்விடுவான்தான். அவளுக்குத் தெரியும். புயல் ஆறு பாத்தியிலும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிற்று, சேற்றை வாரியாயிற்று, இனி களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், தரை இறுகினால்தான் உப்புத்தண்ணி நிற்கும், நின்றால்தான் உப்பு. மிதிக்கப் போன வருஷம் பன்னிரண்டு பெண்கள். இப்போது பத்துப் பேர் ரிசார்ட்டில் பெட்ஷீட் மாற்றப் போகிறார்கள், மிச்சம் அக்காவும் குப்பம்மாளும். நாலு கால், ஆறு பாத்தி, உப்பெடுக்கிற மாசியும் பிறந்தாயிற்று.

வாடகை டிராக்டரை இறக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து அளத்தில் இறக்கினார்கள், போன வருஷம், ஒரே ஒரு பாத்தியில். அதன் கனத்துக்குத் தரை பிளந்து, விட்ட தண்ணியெல்லாம் கீழே இறங்கி, அந்தப் பாத்தி அந்த வருஷம் முழுக்கச் சும்மா கிடந்தது. கனம் ஆகாது. அதனால்தான் அவனே சேர்த்துக் கட்டின இந்த வண்டி. ஷேர் ஆட்டோவிலிருந்து கழட்டின டீசல் எஞ்சின், ஆம்புலன்ஸாக ஓடி ஓய்ந்த வேனின் கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும், யாரோ லாரியில் மோதி நசுக்கிய ஜீப்பின் ஸ்டியரிங், டவுன் பஸ்ஸின் ஒற்றை சீட்டு, எல்லாவற்றையும் தாங்க, புயலில் சாய்ந்த விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம். கதவு மட்டும் இல்லை. கதவு வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டான். மூன்று வருஷம் அவன் செய்தது அது ஒன்றுதான், பின் பக்க இடது கதவில் பூட்டு, மூன்று போல்ட், டூல் தானே சுற்றித் தானே நிற்கும், போதும் என்பதற்குக் க்ளிக் என்று ஒரு சத்தம், அப்புறம் கதவை மூடிப் பார்க்க வேண்டும், அதற்கும் ஒரு க்ளிக், அடுத்த கதவு. ஒரு ராத்திரி நின்றபடியே தூங்கிவிட்டான். முழித்தபோது பதினாலு கதவு தாண்டிப் போயிருந்தது. ஓடிப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான்... எல்லாமே சரியாக இருந்தது, கை தானாகவே செய்திருந்தது. ஒன்றிலாவது ஒரு போல்ட் விட்டுப் போயிருந்தால் இன்னும் அங்கேயேதான் இருந்திருப்பான் என்று தோன்றுகிறது. திட்டு வாங்கியிருப்பான், தூங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருப்பான். சரியாக இருந்ததே, அதுதான் தாங்கவில்லை. புயலுக்கு லீவு விட்டார்கள், வந்தவன் திரும்பவில்லை.

"என்னப்பா, வண்டி மேல தவம் பண்றியா?" குப்பம்மாள். நாற்பது வயதிருக்கும், கால் மட்டும் இரண்டு பங்கு வயது. அவள் வேலைக்குத்தான் இந்த வண்டி வருகிறது, அவளுக்குத் தெரியாதா, தெரிந்துதான் சிரிக்கிறாள். மீரான் பாய் கொட்டகை நிழலிலிருந்தே சொன்னார், "தம்பி, ஒண்ணு சொல்லிடறேன், இதுல இருக்கிற ஒரு சாமான்கூட வேலைக்கு ஆகாதுன்னு சொல்லித்தான் நான் குடுத்தது. நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது." கேட்க மாட்டேன் பாய். சாவியைத் திருப்பினான், ஆட்டோ எஞ்சின் இருமிற்று, இன்னொரு தடவை, பிடித்துக்கொண்டது, முதல் கியர், வரப்பில் போட்ட பலகை வழியாக மெல்ல இறங்கி... பின்னால் இழுவையில் பதினோரு ஸ்கூட்டர் டயர், தேய்ந்து வழுக்கையானவை, ஒரே பைப்பில் தோளோடு தோள் ஒட்டினாற்போல. ஈ.சி.ஆர். ரோட்டை அகலப்படுத்தினபோது பார்த்தான், இரும்பு உருளை இல்லாமல் டயரால் மண்ணை இறுக்குகிற ஒரு ரோலர். டயர் என்றால் கால் மாதிரிதானே, பதினோரு கால், ஓயாத கால். பெட்ரோல் பங்க்குக்கு எடுத்துப்போய் இருபத்தைந்து, இருபத்தைந்து என்று ஒவ்வொன்றுக்கும் காற்றடித்தான், நம்பர் வந்ததும் மெஷின் பீப் என்றது, பதினோரு பீப், மனசுக்கு இதமாக இருந்தது. இப்போது பாத்தியின் பாதி தூரம் வந்தாயிற்று, சக்கரம் புதையவில்லை, தரை பிளக்கவில்லை, தாங்குகிறது, தாங்குகிறது என்று திரும்பிப் பார்த்தால்...

கோடுகள். நேராக, ஆழமாக, விரல் நுழைகிற கோடுகள். "நெல்லு வெதைக்கப் போறியாப்பா? வாய்க்கா வாய்க்காலா இழுத்து வெச்சிருக்க," என்றாள் குப்பம்மாள், சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணி ஊற்றினாள், அது அழகாக ஒரு கோட்டைப் பிடித்து ஓடி ஓர் இடத்தில் காணாமல் போயிற்று. அக்கா சிரிக்கவில்லை. "நிறுத்துடா," என்றாள், அவ்வளவுதான். நிறுத்தினான். புருஷோத்தமன் போனைப் பார்த்தான், பார்த்ததை மறைக்க வானத்தைப் பார்த்தான். எது தப்பு? எடை சரி. வேகம் சரி. நம்பர் சரி, டயரிலேயே எழுதியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் எப்படி... எழுந்து வண்டியிலிருந்து காலைக் கீழே வைத்தான், வைத்ததும் இரண்டு பெண்களும் ஒரே குரலில், "ஷூவக் கழட்டு." மறந்துவிட்டான். பாத்திக்குள் செருப்புக் காலோடு யாரும் இறங்கக் கூடாது. கம்பெனி ஷூ, முனையில் இரும்பு வைத்தது. கழட்டி வண்டி மேல் வைத்தான், இறங்கினான். சில்லென்றிருந்தது. இந்தப் பாத்தியில் வெறும் காலோடு அவன் நிற்பது... யோசித்துப் பார்த்தான், நின்றதே இல்லை. அப்பா விடவில்லை. ஐ.டி.ஐ.க்கு அனுப்பினார். அக்காவை அனுப்பவில்லை, அக்காவைப் பாத்தியில் இறக்கினார், அதை யாரும் பேசினதும் இல்லை.

நாலு எட்டு நடந்தான். திரும்பிப் பார்த்தான், கோட்டைப் பார்க்கத்தான், ஆனால் கண்ணில் பட்டது அவன் காலடி. குதிகால் பட்ட இடம் குழியாகித் தண்ணி ஊறியிருந்தது. முன் பாதம் பட்ட இடம் ஊறவில்லை, பளபளவென்று இறுகியிருந்தது. ஒரே கால், ஒரே எடை. தூரத்தில் இரண்டாம் பாத்தியில் காலையில் அக்கா மிதித்த தடம் கிடந்தது, போய்ப் பார்த்தான், எங்கேயும் குதிகால் இல்லை, பாதம் பாதமாக, ஒன்றின் மேல் பாதி ஏறி இன்னொன்று. இருபத்தைந்து நம்பருக்குக் காற்றடித்த டயரும் குதிகால்தான். பதினோரு குதிகாலை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். டூல் பெட்டியில் ஆணி தேடினான். முதல் வால்வை அழுத்தியதும் காற்று சீறிற்று, மீரான் பாய் நிழலை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "காத்தை எறக்கினா ரிம்மு டியூபைக் கடிச்சிடும் தம்பி." "கடிக்கட்டும் பாய், உங்ககிட்ட வேலைக்கு ஆகாத டியூப் இன்னும் இருக்குல்ல." "இருக்குது," என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

எவ்வளவு இறக்குவது? அதுதான். பீப் இல்லை, க்ளிக் இல்லை, டயரில் எழுதியிருப்பது உதவாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான், தன் பாதத்தை அமுக்கிப் பார்த்தான், மறுபடி டயரை. இன்னும் கொஞ்சம். இன்னும்... போதும். யார் சொன்னது போதும் என்று? யாரும் சொல்லவில்லை. பதினோரு தடவை யாரும் சொல்லாமலே ஆணியை எடுத்தான், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தது. டயர்கள் தொப்பை தள்ளி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஓட்டினான். போய், திரும்பி, அரை டயர் தள்ளி, போய், திரும்பி. கோடுகள் முதலில் பிடிவாதமாக இருந்தன, ஆறாம் நடைக்கு மழுங்கின, பத்தாம் நடைக்கு எங்கே இருந்தன என்று தேட வேண்டியிருந்தது. பதினைந்தில் ஒரு டியூப் போயிற்று, பாய் ஒரு விரலைக் காட்டினார், அவன் நிறுத்தவில்லை. பத்தை வைத்துக்கொண்டு ஓட்டினான். வெயில் சாய்ந்தது, கண்ணில் உப்புக் காற்று, எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது. தூக்கம் வரவில்லை. கை தானாக எதையும் செய்யவில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டது, இங்கேயா, இன்னும் கொஞ்சமா என்று, அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குப்பம்மாள் பாத்தி நடுவில் சொம்பைக் கவிழ்த்தாள். வழக்கம் அதுதான், ஊற்றிவிட்டு வரப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள், வரும்போது தண்ணி இருக்க வேண்டும். அவள் மெதுவாகவும் நடக்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை, அதை அவன் கவனித்தான். சுற்றி வந்தாள். தண்ணி இருந்தது. ஆனால் முறம் அளவுக்குத் தேங்கினது இப்போது தட்டு அளவுக்குத்தான் இருந்தது. இது நின்றதா, போனதா? குப்பம்மாள் அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், குனிந்தபடியே, "கணுக்காலு மண்ணக் கழுவு, வெடிக்கும்," என்றாள். அப்புறம், "நாளைக்கும் இதையே ஓட்டு. மத்த பாத்தி பக்கம் வராத." ஆயிற்று என்கிறாளா? ஆகவில்லை என்கிறாளா? குப்பம்மாளிடம் கேட்டான். "அத்தக் கேளு," என்று அவள் பாத்தியைக் காட்டினாள்.

வேன் ஹாரன் அடித்தது. ரோட்டுக்கு நூறு அடி. புருஷோத்தமன், "மச்சான், அவங்க ஓகேன்னு சொல்லலடா. வந்துடு, நாளைக்கு இது புட்டுக்கிச்சுன்னா ரெண்டும் போயிடும்," என்றான். உண்மைதான். ரெண்டும் போய்விடும். கொளஞ்சி ஷூவை எடுத்தான், புருஷோத்தமனின் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான், வெறும் காலோடு, தார் சுட்டது. வேனுக்குள் இருந்தவர்கள் இவனுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். "ஏறு, ஏறு, டைம் ஆகுது," என்றார் டிரைவர். புருஷோத்தமன் ஏறினான். பையை அவன் மடியில் வைத்து, அதன் மேல் ஷூவை வைத்து, "கம்பெனி ஸ்டோர்ல குடுத்துடு மச்சான்," என்றான் கொளஞ்சி, வெளியே நின்றபடியே கதவைப் பிடித்து இழுத்தான். க்ளிக். சரியாக மாட்டிக்கொண்டது, அவன் காதுக்கு அது போதும், கை கூடப் பழக்கத்தில் அடுத்த கதவுக்கு நகர்ந்தது, அப்படியே நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் புருஷோத்தமன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் எத்தனை ஆயிரம் கதவு மூடிப் பார்த்திருப்பான், ஒன்றின் பின்னாலாவது ஆள் இருந்ததுண்டா... என்று அவன் யோசிக்கத் தொடங்கும்போதே டிரைவர் உள்ளேயிருந்து எல்லாக் கதவையும் ஒரே சத்தத்தில் பூட்டினார்.