அந்த நாலு பேரையும் ஏற்றியிருக்கலாம்

தில்லி மோதி பாக்கில் கஸ்தூரிரங்கனின் வீட்டு வாசலில் டாக்டர் சிவஞானம் தயங்கி நின்றார். இதய நோயாளிக்கு மாடி ஆகாதென்று கேட்டு வாங்கிய கீழ்வீடு அது.

"வாங்கோ டாக்டர்! உங்களாலதான் இவர் இன்னிக்கு உயிரோட இருக்கார்" என்று வரவேற்றாள் கஸ்தூரியின் மனைவி வத்சலா. சிவஞானத்துக்குச் சுருக்கென்றது.

எட்டு வருடங்களுக்கு முன், 1978இல், கஸ்தூரிரங்கன் போர் விமானி. சிவஞானம் விமானப்படை மருத்துவர். விமானிகளைச் சுழல் எந்திரத்தில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். வேகம் ஏற ஏற உடம்பு ஐந்து மடங்கு கனக்கும். ரத்தம் தலையை விட்டுக் காலுக்கு இறங்கும். அதை மேலே தள்ள இதயம் படாதபாடு படும். நுரையீரல் நசுங்கி, மூச்சு இழுப்பதே பெரும்பாடாகும். கஸ்தூரி தாக்குப்பிடித்துவிட்டார். ஆனால் தில்லியில் சிவஞானத்தின் மேசைக்கு வந்த இதயப் பதிவில் ஏழெட்டுத் துடிப்புகள் முறை தவறியிருந்தன.

"அந்த வேகத்துல யாருக்கும் அப்படித்தான் அடிக்கும் சார். என்கூடப் பறக்கிற நாலு பேரை ஏத்திப் பாருங்க" என்று கெஞ்சினார்.

"விமானம் ஓட்டத் தெரிஞ்சா வைத்தியமும் தெரிஞ்சிடுமாக்கும்!" என்று சிரித்தார் சிவஞானம். அடடா, என்ன மேதாவித்தனம்! நாலு பேரை ஏற்றியிருந்தால் குடியா முழுகியிருக்கும்? 'இனிப் பறக்கத் தகுதியற்றவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கஸ்தூரி மேசை வேலைக்குப் போனார்.

போன மாதம் ஓர் ஆராய்ச்சியாளர் முப்பது விமானிகளின் பதிவுகளைக் காட்டினார். எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி ஆட்கள். பாதிப் பேருக்கு மேல் சுழலும்போது அதே தவறிய துடிப்புகள். எந்திரம் நின்றதும் சரியாகிவிட்டன. கஸ்தூரிக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சிவஞானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

காப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார். "உங்க இதயத்துல ஒரு கோளாறும் இல்ல கஸ்தூரி. தப்பு என்னுது."

கஸ்தூரி நிமிர்ந்து பார்த்தார். "இனிமே பறக்க விடுவாங்களா சார்?"

"வயசு நாப்பத்திநாலு ஆயிடுச்சேப்பா."

கஸ்தூரி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வத்சலா சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எட்டு வருஷமா மூச்சு வரதான்னு மூக்குல விரல் வெச்சுப் பார்த்துண்டு கிடந்தேன். பயந்துண்டு ஒரு குழந்தை கூடப் பெத்துக்கலை. இப்ப எதுக்கு வந்து சொல்றேள்? எங்களுக்காகவா?"

சிவஞானம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா. எனக்காகத்தான்."