ஒழுக வேண்டிய வாய்க்கால்

விடியுமுன்னே ஆறு பேர் மலைவாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். சியரா நெவாடா மலையில் பனி உருகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வருவதற்குள் சேற்றையும் பலகைக்கல்லையும் வாரியாக வேண்டும். மண்வெட்டிப் பிடியின் குளிர் எலும்புவரை ஏறியது.

எலாடியோ ஊரின் நீர்க்காவலன். இந்த நாளை நினைத்தே அவன் பனிக்காலம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. மேலே ஓரிடத்தில் வாய்க்காலின் அடி வெறும் சரளை. அங்கே தண்ணீர் மலைக்குள் இறங்கி, மூன்று மாதம் கழித்துக் கீழே ஊற்றாக வரும். ஊரின் அவரைக்கும் பாதாமுக்கும் அதுதான் உயிர். போன கோடையில் ஊற்று வற்றியது. ரெமெடியோஸின் பாதாம் மரங்களில் பாதி பட்டுப்போயின. எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள். எலாடியோவும் கூசாமல் சேர்ந்து திட்டினான்.

சரளை இருக்க வேண்டிய இடத்தில் ரெமெடியோஸின் மண்வெட்டி ணங்கென்றது. சேற்றை வழித்தாள். சிமெண்ட்.

"யாரு பூசினது இத?"

"நாந்தான் அக்கா" என்றான் எலாடியோ. "போன வருஷம் தூர் வாரிட்டு நீங்கள்லாம் எறங்கினப்புறம். தண்ணி வீணா ஒழுகுதுன்னாரு மொதலாளி. வருஷம் பூரா வேலை தர்றேன்னாரு. ஒழுகினாத்தான் ஊத்துன்னு தெரியும். தெரிஞ்சேதான் பூசினேன்."

யாரும் கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார் அந்த முதலாளி, டான் பௌஸ்டினோ. வாய்க்கால் முடிவது அவருடைய ஆலிவ் தோப்புக் குளத்தில். சிமெண்டை உடைக்கப் போவதாக ரெமெடியோஸ் சொன்னதும் சிரித்தார்.

"பனிக்காலத்துல ஆலிவ் பறிக்க எந்தத் தோப்புக்கு வருவீங்க?"

"நாங்க வரலேன்னா ஒங்க ஆலிவ் தானா கூடையில விழுமா மொதலாளி?"

எலாடியோ கடப்பாரையை எடுத்தான். முதல் குத்திலேயே சிமெண்ட் விரிசல் விட்டது.

"கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"என் பேர எழுதிக்கங்க" என்றான் எலாடியோ.

"ஆறு பேரையும் எழுதுங்க" என்றாள் ரெமெடியோஸ். "பூசினதுதான் இவன் ஒருத்தன். ஒடைக்கிறது நாங்க எல்லாரும்." பிறகு எலாடியோ பக்கம் திரும்பினாள். "ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத." சொல்லிக்கொண்டே சம்மட்டியை ஓங்கினாள்.

சாயங்காலம் மடையைத் திறந்தார்கள். பனிநீர் சரளையில் பரவி மலைக்குள் இறங்கியது. ஊற்றில் அது வருமா என்று ஆகஸ்டில்தான் தெரியும். அதற்கு முன் வழக்கு வந்துவிடும். எலாடியோ தண்ணீருக்குள் குனிந்து, மிச்சமிருந்த சிமெண்ட் சில்லுகளைப் பொறுக்கினான். ரெமெடியோஸ் தன் கூடையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.