பசை காயும் வரை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பகலெல்லாம் யார் யார் வீட்டு மாடிக்கோ ஏறி இறங்குவார். சாயங்காலம் வந்தால் இசைத்தட்டு அலமாரியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அலமாரி முதலில் கூடத்தில் ஒரு மூலையில்தான் இருந்தது. இப்போது எங்களுக்குத்தான் மூலை. சோபாவை விற்றோம். தையல் மெஷினைப் படுக்கையறைக்குத் தள்ளினோம். யாராவது வந்தால் சமையலறையிலிருந்து நாற்காலி தூக்கி வர வேண்டும். தட்டுகளைப் படுக்க வைத்தால் வளைந்துவிடுமாம், அதனால் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். நானும்தான் நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வருகிறேன். என் முதுகு வளைவதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் பேசுவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தட்டு விஷயத்தில் மனிதர் மகா சுத்தக்காரர். பழைய தட்டு எது வந்தாலும் கழுவாமல் முள்ளை வைக்க மாட்டார். அழுக்கோடு ஓட்டினால் முள்ளே அழுக்கை உள்ளே உழுது விதைத்துவிடும் என்பது அவர் கட்சி. சாதாரணத் தூசிக்குச் சோப்புத் தண்ணீர். ஊறிப்போன அழுக்குக்கு வேறு வைத்தியம். பலகை ஒட்டத் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைத் தட்டின் மேல் கெட்டியாக ஊற்றித் தடவிக் காயவிடுவார். காய்ந்ததும் பசை கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் முழுத் தோலாக உரிந்து வரும். தட்டின் மேல் முள் ஓடுகிற நுண்ணிய வரிகளுக்குள் கிடக்கிற பிசுக்கெல்லாம் அதோடு வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது இவருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு உரிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிச் செய்ய ஆரம்பித்தேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது, மறைப்பானேன்.

இவரிடம்தான் என் அக்கா தன் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது கடையில் கிடைக்கிற தட்டு அல்ல. அக்காவுக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். பெற்றோருக்கென்று கொஞ்சம் தட்டுகள் அச்சடித்தார்கள். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு அக்கா மட்டும் தனியாகப் பாடியது. அப்பா அதை வாங்கி வந்த அன்று தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பாட்டு அழகாக ஏறிக்கொண்டே போனது. உச்சியைத் தொட வேண்டிய இடத்தில் அக்காவின் குரல் கம்மி, தடுக்கி, அப்படியே காணாமல் போய், அடுத்த அடியில் பொத்தென்று வந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா மறுபடி வைத்தார், மறுபடி அதே இடத்தில் விழுந்தது. "சின்னப் புள்ளதானே, விடுங்க" என்று அப்பா எல்லோருக்கும் காபி கொடுத்துச் சமாளித்தார்.

அக்கா அன்றைக்குப் பாட்டை நிறுத்தியவள்தான். குழுவுக்குப் போகவில்லை. அவளாகப் பாடி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுக்க மாட்டாள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலையில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்து, எல்லாம் ஆயிற்று. வீட்டில் "அந்த இடம்" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் போய் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் மகள்தான் கேட்டாளாம், "நீ பாடி நான் ஒரு தடவகூடக் கேட்டதில்லையேம்மா" என்று. அதற்குப் பிறகுதான் பீரோவின் அடியிலிருந்து தட்டு வெளியே வந்தது.

"அந்த இடத்துல உடையும், தம்பி. அத ஒண்ணும் பண்ண முடியாது. மத்ததாவது சுத்தமா கேக்கட்டும்" என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். "நான் பாடுனதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் மிச்சம். பாத்துக்கங்க."

"கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன், அக்கா" என்றார் இவர். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பசை ஊற்றினார். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தின் மேல் அப்பா, அக்காவின் பெயரைத் தன் கையால் எழுதி ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார். வாங்கி வந்த கையோடு, போட்டுக் கேட்பதற்கு முன்பே, பெருமை தாங்காமல் செய்த வேலை. அப்பாவின் கையெழுத்து நனைந்துவிடக் கூடாது என்று இவர் அதன் பக்கம் போகும்போது மட்டும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அதற்குள் பாட்டிலும் காலி. இருப்பதை ஒரு அட்டையால் இழுத்து இழுத்து நிரவிவிட்டார். "மெல்லிசா இருக்கேங்க" என்றேன். "எல்லாம் போதும்" என்றார். அந்தப் "போதும்" என்கிற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் ஒரு சரித்திரமே இருக்கிறது. பைப் ஒழுகுவதிலிருந்து பால் புளிப்பது வரை எல்லாம் அதில் ஆரம்பித்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உரிக்க உட்கார்ந்தோம். வெளிவட்டம் வாழை நார் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்வட்டத்துக்கு வந்ததும் தோல் கிழிந்தது. இன்னொரு பக்கம் பிடித்து இழுத்தார், அங்கேயும் கிழிந்தது. மெல்லிசாகத் தடவிய இடமெல்லாம் பசை தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டு, வெயிலில் உரிந்த முதுகு மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. சரியாக அக்கா பாடிய பாட்டின் மேல்.

இவர் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோனார்.

"சுரண்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம், அக்கா காலையிலேயே வந்து நிற்கிறாள். இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தையே ஒரு சுற்று சுற்றினார். இத்தனை அலமாரி இருந்து என்ன, ஒரு தட்டை ஒளித்துவைக்க இடமில்லை. கடைசியில் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"என்ன தம்பி, போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

நான் பூசி மெழுகப் பார்த்தேன். காபி போடவா என்றேன், பஸ்ஸில் கூட்டமா என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "என் தட்டா?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு அதை முன்னால் நீட்டினார்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறை நாற்காலியை அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள். "சரி விடுங்க" என்றாள். "எனக்கும் அதுக்கும் ராசியில்ல."

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அவருக்குத் தட்டு சேர்க்கிற சிநேகிதர் ஒருவர் உண்டு. புத்தம் புதுத் தட்டைக் காட்டினாலும் "இதுல ஒரு கீறல் இருக்கே" என்பார். அதனால் எங்களுக்கு அவர் கீறல். கீறல் போனிலேயே ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டு வழி சொன்னார்.

"அது மேலயே இன்னும் பசை ஊத்தணுமாம்" என்று இவர் உள்ளே வந்தார். "கெட்டியா. புதுப் பசை பழசை ஊற வெச்சுத் தன்னோட சேத்துக்குமாம். காஞ்சப்புறம் ரெண்டும் ஒண்ணா வந்துடுமாம்."

"வீடு பத்தி எரியுது, பெட்ரோல் ஊத்துன்னு சொல்றாரா அவரு?"

"ஊத்தட்டும்டி" என்றாள் அக்கா. "இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

இவர் ஓடிப்போய் இரண்டு பெரிய பாட்டில் வாங்கிவந்தார். கதவு ஏதாவது செய்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டாராம். இந்த முறை கஞ்சத்தனம் இல்லை. சீட்டின் விளிம்பை ஒட்டிக் கடைசி வரி வரைக்கும் தோசை மாவு மாதிரி கெட்டியாக ஊற்றினார். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோம். அப்புறம் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை.

வெள்ளையாக இருந்த பசை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. அதைப் பார்த்தபடியே அக்கா பேசினாள்.

"ரெண்டு தடவ பாட வெச்சாங்கடி. எது நல்லா வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. டீச்சர் தலைய ஆட்டினாங்க. வீட்டுல வந்து கேட்டா இப்படி இருக்கு. கெட்டதை வேணும்னே போட்டிருக்காங்கன்னு நெனச்சேன், எனக்குத் தலைக்கனம் வந்துடக் கூடாதுன்னு. மறுநாள் கிளாஸ்ல தட்டு வாங்கினவங்க எல்லாரும் நல்லா பாடினேன்னாங்க. ஒருத்தர்கூட அந்த இடத்தப் பத்திப் பேசல. பாவம்னு பேசாம இருக்காங்கன்னுதான் நெனச்சேன். சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அந்த டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

வெயில் இறங்கும் நேரம் பசை முழுக்கத் தெளிந்தது. "நீங்களே எடுங்கக்கா, என் கைக்கு இன்னிக்கு யோகமில்ல" என்று இவர் ஒதுங்கிக்கொண்டார். அக்கா லென்ஸ் பிடிக்கிற விரல்காரி. ஓரத்தைத் தூக்கினாள். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. கிழிந்த திட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சரசரவென்று ஒரே வளையமாகத் தோல் அவள் கையோடு வந்துவிட்டது. அடியில் தட்டு கன்னங்கரேலென்று மின்னியது. அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசிறிக் காற்றில் தூசி விழுந்துவிட்டது என்றார்.

பிறகு உரித்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் கடுகளவு பழுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. தட்டை எடுத்து அப்பாவின் சீட்டைக் கிட்டத்தில் பார்த்தார்.

"அக்கா, அந்த இடம் பாட்டுல எங்க வரும்?"

"முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவர் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார்.

பத்து வயது அக்கா பாட ஆரம்பித்தாள். முகம் மறந்துபோன ஆள் திடீரென்று எதிரில் வந்து நிற்பது மாதிரி இருந்தது. பாட்டு ஏறியது. அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அவள் கை காதுக்குப் போய்ச் சேரவில்லை.

குரல் உடையவில்லை. உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, நிதானமாக நீண்டு, தானாக இறங்கி அடுத்த அடிக்கு வந்தது. அப்படி ஒரு அடி நடுவில் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"கோந்துக்கா" என்றார் இவர். அவர் குரல்தான் தழுதழுத்தது. "அப்பா சீட்டு ஒட்டினப்ப ஒரு சொட்டு தெறிச்சு வரி மேல விழுந்து காஞ்சிருக்கு. முள்ளு அதுல இடிச்சு அடுத்த வரிக்குத் தாவியிருக்கு. உங்க தட்டுல மட்டும். மத்தவங்க தட்டுல எல்லாம் நீங்க ஒழுங்காத்தான் பாடியிருக்கீங்க."

அக்கா எழுந்துவந்து, சுழல்கிற தட்டின் நடுவில் அப்பாவின் சீட்டைக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ அவங்க எல்லாம் நெசமாத்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று, அழுகை மறுபடி சிரிப்பாயிற்று. "இந்த அப்பா... ஆசை ஆசையா ஒட்டி வெச்சாரு பாரு. பாவம், அவரும் கடைசி வரைக்கும் எனக்கு வரலன்னே நெனச்சுட்டுப் போயிட்டாரு." அப்பா மேல் எனக்கு வருத்தம்கூட வரவில்லை. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு தடவ வைங்க, தம்பி."

வைத்தார். இரண்டாம் தடவை அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உச்சிக்கு முன்னால் அந்தச் சின்னப் பெண் மூச்சு இழுக்கிற இடத்தில் இவளும் இழுத்தாள். மூன்றாம் தடவை யாரையும் கேட்காமல் முள்ளை அவளே தூக்கி வைத்தாள். பாட்டு ஏறும்போது கூடவே பாட ஆரம்பித்தாள், அந்தக் கரகரத்த தொண்டையை வைத்துக்கொண்டு, சத்தமாக. சுருதி எங்கேயோ, அவள் எங்கேயோ. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. கேட்கவே சகிக்கவில்லை. முடிந்ததும் நானே எழுந்துபோய்த் தட்டை மறுபடி வைத்தேன்.