வண்டிக்கு வெளியே சொன்னது

அந்தப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர் காலை நகர்த்துவதற்கு முன்பே, தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை அமுக்கிவிடுவாள். "அக்கா கூடப் போனா ஊர் போய்ச் சேர மாட்டோம், ஆனா உயிரோட இருப்போம்" என்று மற்ற பயிற்சியாளர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். பிறவியிலேயே பயந்த சுபாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்படியல்ல. அவளுக்கு ஓர் அண்ணன். துணி ஆலையில் மெக்கானிக்காக இருந்தான். கூட வேலை பார்த்த ஒருவன் சாப்பாட்டு இடைவேளையில் வந்து அழுதான். குடும்பமே சிதறிப்போச்சு, எனக்காக ஜெபம் பண்ணுங்கண்ணே என்றான். அண்ணன் அவன் தோளில் கைபோட்டு, தனக்குத் தெரிந்த இயேசுவைப் பற்றிச் சொன்னான். அழுதவனின் சட்டைப்பைக்குள் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. ஆலையில் மதம் மாற்ற ஆள் பிடிக்கிறான் என்று புகார் போயிற்று. விசாரணைக்குப் போய்த் திரும்பிவந்த அண்ணன், அன்றிலிருந்து தங்கை வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையால்தான் காட்டுவான்.

அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம், மனசுக்குள்ளேயே பாட்டு. வண்டியில் கேமரா வேறு இருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே முதலாளி பொருத்தியது. உள்ளே பேசுவதெல்லாம் அவர் அறைக்குப் போய்ச் சேரும்.

இப்படி இருக்கும்போதுதான் போலீஸ் அதிகாரியின் மனைவி பயிற்சிக்கு வந்தாள். அண்ணனை விசாரித்த அதே ஸ்டேஷனின் அதிகாரி. பிரேக் அக்கா அவளிடம் எச்சரிக்கையாக இருந்தாள். கிளட்ச், கியர், கண்ணாடி, இவை தவிர வேறு வார்த்தையே பேசவில்லை.

ஒருநாள் காலை, கிடங்குகள் வரிசையாக இருந்த தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே ஒருவன் சைக்கிளில் வந்தான். அதிகாரியின் மனைவி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிரேக் அக்கா வண்டியை நிறுத்தியதால் சைக்கிள்காரன் பிழைத்தான். திட்டிக்கொண்டே போனான்.

"டீச்சர், நான் முன்னாடி ஒரு ஆளை..."

பிரேக் அக்காவின் கண் கேமராவுக்குப் போனது. "மேடம், டயர்ல என்னமோ சத்தம் வருது. இறங்கிப் பாக்கலாம்" என்றாள் அவசரமாக.

டயரில் ஒன்றுமில்லை. இருவரும் அதன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்கள்.

"வேற ஊர்ல இருந்தப்போ நடந்தது. சைக்கிள்ல வந்த பையன். நான்தான் ஓட்டினேன். செத்துட்டான். அடையாளம் தெரியாத வண்டின்னு எழுதி இவர் மூடிட்டார். மறுபடி ஓட்டிப் பழகினா எல்லாம் மறந்துடும்னு இங்க சேத்துவிட்டார். மறக்கல டீச்சர்." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க ஜெபம் பண்றவங்கதானே? உங்க முகத்தைப் பாத்தா தெரியுது. என்னை மாதிரி ஒருத்திக்கு மன்னிப்பு இருக்கா?"

பிரேக் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அழுகை, ஜெபம், தோளில் வாய் திறந்து தொங்கும் கைப்பை. அண்ணனுக்கு விரித்த அதே வலை.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம்."

"சரி" என்றாள் அந்த அம்மாள். மூடின கடையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் சொல்வதைப் போன்ற சரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கார் கதவில் கைவைத்தாள்.

அந்தக் கை கதவைத் திறக்காமல் அதிலேயே நின்றதைப் பார்த்த பிறகு பிரேக் அக்காவால் தாங்க முடியவில்லை.

"இருக்கு மேடம்." "இயேசு நல்லவங்களைத் தேடி வரல. தப்புப் பண்ணிட்டு ஒளிஞ்சிருக்கிறவங்களைத் தேடித்தான் வந்தாரு. நமக்கு வரவேண்டிய தண்டனையைத் தன் மேல வாங்கிக்கிட்டுச் செத்தாரு. செத்தவரு உயிரோட எழுந்தாரு. அவர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, தள்ளமாட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அதுக்கப்புறம் ஒளிஞ்சிருக்கத் தோணாது."

அந்த அம்மாள் ஓட்டுநர் இருக்கைக்குப் போகாமல் மறுபக்கம் ஏறிக்கொண்டாள். திரும்பும்போது பிரேக் அக்காதான் ஓட்டினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "போயும் போயும் அவன் பொண்டாட்டிகிட்டயா? அந்த மூலையில உக்காந்திருக்காரே உங்கண்ணன், அவரைப் பாத்துமா புத்தி வரல?" வேதப்புத்தகத்தை எடுத்துத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் செருகினார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மூவரும் மூச்சை அடக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அது மேல்வீட்டுக்காரராகவே இருந்தது. அதிகாரியின் மனைவியோ அதன்பின் பயிற்சிக்கு வரவே இல்லை. அந்த வராமைதான் பிரேக் அக்காவை அதிகம் மிரட்டியது.

கடைசியில் அதிகாரியே வந்தார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கேமராவின் வயரைப் பிடுங்கிப் போட்டார். "ஏறு" என்றார்.

வண்டி ஊரைத் தாண்டிப் பறந்தது. அவள் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அமுக்கத் துணிவில்லை.

"ரெக்கார்டிங் கேட்டேன். டயர் சத்தம்னு இறங்கியிருக்கீங்க. அப்புறம் ரொம்ப நேரம் வெறும் வண்டி. என்ன பேசினீங்க?"

அவள் சாலையையே பார்த்தாள்.

"நேத்து என் வீட்டுக்காரி அந்தப் பையனோட அம்மாவைத் தேடிப் போயிருக்கா. நான்தான் உங்க பிள்ளையைக் கொன்னேன்னு சொல்லியிருக்கா. அந்தம்மா மூஞ்சியில கதவைச் சாத்திட்டா. இவ என்னடான்னா, கோர்ட்டுக்குப் போய் ஒத்துக்கப்போறேன்கறா. சொக்குப்பொடி எதாவது போட்டியா?"

பஞ்சர் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்துவிட்டது.

"இயேசுவைப் பத்திச் சொன்னேன் சார். அவங்க கேட்டாங்க, சொன்னேன்." எலி கீச்சிட்டதைப் போல வந்தது குரல்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. "உன்னை உள்ள தள்ள எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"தெரியும் சார். எங்கண்ணனை விசாரிச்சது நீங்கதான்."

அவர் திரும்பிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: தன் மேல் வழக்குப் போட்டால் காரணம் எழுதவேண்டும். எழுதினால் செத்த பையனும் வெளியே வருவான். இந்த மனிதரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பயந்தவன் எதையும் செய்வான்.

"இறங்கு" என்றார்.

நெடுஞ்சாலையில் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போனார். கால் கடுக்க நடந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமலே, "நாளைலேருந்து வேண்டாம்மா" என்றார்.

அந்த வாரமே அவள் வீட்டு வாசலில் அதிகாரியின் மனைவி வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டைவிட்டு வந்திருந்தாள்.

"கோர்ட்டுக்குப் போறேன் டீச்சர். வக்கீல் அங்க இருப்பார். ஆனா தனியாப் போகக் காலே வரமாட்டேங்குது. கூட வர்றீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். மூலையிலிருந்து துருப்பிடித்த குரல் ஒன்று கேட்டது.

"கூட்டிட்டுப் போ தங்கச்சி."

அண்ணன். வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் பிரேக் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே அந்த அம்மாள் எதையும் மறைக்காமல் சொன்னாள். பின்னால் அவளுக்குத் தண்டனை கிடைத்தது, அதிகாரிக்கு வேலை போயிற்று, பையனின் தாய் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. அன்றைக்கு இது எதுவும் யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தின் கோடியில் நின்ற போலீஸ்காரர்கள் அடிக்கடி பிரேக் அக்கா பக்கம் பார்த்தார்கள். அவள் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வந்த குமாஸ்தா அவள் முன்னால் நின்றார்.

"நீங்க யாரும்மா? சாட்சியா?"

"இல்ல சார், அந்த விபத்தை நான் பாக்கல. அவங்களுக்குப் பயமா இருந்துச்சு, துணைக்கு வந்தேன்."

குமாஸ்தா போகவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷத்துல யாரும் தானா வந்து ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. எதுக்கும்மா இப்படிப் பண்றாங்க?"

அவள் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். அதற்குள் ஒரு போன் இருந்தது. போலீஸ்காரர்களைப் பார்த்தாள்.

பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க சார், சொல்றேன்."