மறுத்துப் பேச ஒருவர்

நந்தன்கோட்டில் மராமத்து இலாகா எஞ்சினியர் சத்தியதாஸின் வீட்டு முற்றத்தில், மழையில்லாத சாயங்காலங்களில் மூன்று நாற்காலிகள் போட்டிருக்கும். வீட்டைப் பார்த்தல்ல, காரைப் பார்த்து. பாக்கு நிறத்தில், வட்ட முகப்பு விளக்குகளும் துணிக்கூரையுமாக ஓர் அமெரிக்கக் கார். ஒரு நாற்காலியில் சத்தியதாஸ். இன்னொன்றில் கோட்டைக்குள்ளிருந்து வரும் வக்கீல் வெங்கடசுப்ரமணியன். மூன்றாவதில் ராஜமணி, சத்தியதாஸுக்குத் தூரத்துச் சொந்தம், வித்துரா ரோட்டில் பஸ் விடுகிறவர்.

ரோட்டில் போவது யாருடைய கார் என்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடக்கூடிய காலம் அது. அப்படிச் சொல்வதில்தான் பேச்சு தொடங்கும். பிறகு கம்பெனிகளின் புத்தியை அலசுவார்கள். வக்கீலுக்கு இங்கிலீஷ் கார் தவிர மற்றதெல்லாம் தகரம். ராஜமணிக்கு மலை ஏறாத எதுவும் வண்டியே இல்லை. சத்தியதாஸ் இரண்டு பேரையும் பேசவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். மற்ற இருவரும் அதை ஒத்துக்கொள்ளாமல் இருட்டும்வரை கத்துவார்கள். கத்தினாலும், சத்தியதாஸ் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வார்த்தைகளில் பாதி சுசீலாபாயுடையது.

சத்தியதாஸின் மனைவி அவள். பிள்ளைகள் இல்லை. கல்யாணமான மறு வருஷமே அவளை சங்குமுகம் ரோட்டுக்குக் கூட்டிப்போய், கடற்காற்றில் தலைமுடி முகத்தில் விழ விழ, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார் அவர். அவளுக்கு ஓட்டுவது சீக்கிரம் வந்துவிட்டது. அதைவிடச் சீக்கிரம், எது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கும் குணமும் வந்துவிட்டது. கியர்த் தடி ஏன் இவ்வளவு நீளம்? கம்பெனியில் படம் வரைகிறவன் சேலை கட்டினவள் ஏறி இறங்குவதை என்றாவது பார்த்திருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும்போது, பிரசங்கத்தைப் பற்றிப் பேசாமல் இதைத்தான் பேசிக்கொண்டு வருவார்கள்.

ஒரு வருஷம், அந்தக் காரைச் செய்கிற கம்பெனி துணிக்கூரையை விட்டுவிட்டு முழு இரும்புக் கூரை போடப்போகிறது என்று வக்கீல் கொண்டுவந்த பத்திரிகையில் வந்தது. சத்தியதாஸ் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"கிறுக்கனுவ. நம்ம வெயிலுக்கு இரும்புக் கூரைன்னா அடுப்பாக்கும். உள்ள இருக்கவன் வெந்து போவான்."

"வெயிலு மட்டுமா இருக்கு நம்ம ஊர்ல?" என்றாள் சுசீலாபாய். "ஆடி மழையில பின் ஸீட்டுல நீங்க இருந்தியளா? நான் இருந்தேன். கொடை பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"துணிய மாத்தினா தீந்துது."

"எத்தன தடவ மாத்துவிய? வீட்டுக்கு ஓடு போடாம வருஷா வருஷம் ஓல மாத்துதது மாதிரில்லா இருக்கு."

முற்றத்தில் வக்கீலிடமும் அதையே சொன்னார். வீட்டுக்குள் ஒரு வாரம் நடந்தது அந்தச் சண்டை. அவர் குளிக்கப் போகும்போது ஒரு நியாயம் சொல்வார், துண்டோடு திரும்பி வரும்போது அவள் பதிலோடு நிற்பாள். சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் சத்தியதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் யோசிச்சுப் பாத்தேன். கூரையில கம்பெனிக்காரன் செஞ்சது சரிதான்" என்றார். வக்கீல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஓய், போன வாரம் அடுப்புன்னீரே!" காப்பித் தட்டோடு ஜன்னலுக்குள் நின்ற சுசீலாபாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீயே வந்து சொல்லேன்" என்று சத்தியதாஸ் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். "நாலாவது நாற்காலி போடச் சொல்லுகேன்."

"போங்க. மூணு ஆம்பளையளுக்கு நடுவுல என்னால ஆவாது."

அவளுக்கு அது வேண்டியிருக்கவுமில்லை. அவளோடு வாதத்தில் மல்லுக்கட்ட ஒருவர் இருந்தார். ஒரு நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் முகம் சிவக்க நிற்பார், மறுநாள் தோற்றதை ஒத்துக்கொள்வார், அதற்கு அடுத்த நாள் புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டு வருவார்.

மறு வருஷம் வந்தது பிரேக் சண்டை. இரும்புக் கம்பியால் இழுக்கிற பிரேக்கை எடுத்துவிட்டு, குழாயில் எண்ணெயை அழுத்தி நிறுத்துகிற பிரேக்கைக் கம்பெனி கொண்டுவரப் போகிறது என்று பேச்சு. சத்தியதாஸுக்கு நம்பிக்கையே இல்லை. "கம்பிய கண்ணால பாக்கலாம், கையால தொடலாம். எண்ண ஒழுகிப்போனா? மிதிச்சா நிக்காது, நேர பரலோகம்."

"பொன்முடி எறக்கத்துல கம்பி பிரேக்க நம்பி நான் மிதிச்சப்ப வண்டி எடப்பக்கமா இழுத்திச்சே, அது மறந்து போச்சா? ஒரு சக்கரம் பிடிக்கும், ஒண்ணு பிடிக்காது. எண்ணைன்னா நாலு சக்கரமும் ஒண்ணுபோலப் பிடிக்கும்."

"ஒண்ணுபோலப் பிடிக்கும், செரி. ஒண்ணுபோல விட்டுப்போட்டுதுன்னா?"

 இரண்டு நாள் யோசித்து, அதற்குத்தானே தனியாகக் கை பிரேக் இருக்கிறது என்று அவள் வந்து நின்றபோது அவர் வித்துராவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மழையில் அங்கே ஒரு பாலம் அரித்துப் போயிருந்தது. காரின் படியில் ஒரு காலை வைத்தபடி அவள் சொன்னதைக் கேட்டார், புருவத்தைத் தூக்கினார்.

"கை பிரேக்கா? அதுக்கும் பதில் இருக்கு எங்கிட்ட. வந்து சொல்லுகேன்."

பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்றிருக்கிறார். காய்ச்சலோடு தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி முற்றத்தில் கோணலாக நின்றதைப் பார்த்தபோதே சுசீலாபாய் வெளியே ஓடிவந்தாள். அவர் வண்டியைக் கோணலாக நிறுத்துகிறவர் இல்லை. காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினார், அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் போனபிறகு வீட்டில் சத்தமில்லை. வக்கீலும் ராஜமணியும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆண் இல்லாத வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கார் பேச யாருக்கு மனம் வரும்? தப்புச் சொல்ல முடியாது. வேலைக்காரி ஓமனா நாற்காலிகளைக் கார் ஷெட்டுக்குள் அடுக்கி வைத்தாள். சுசீலாபாய் வாரத்துக்கொரு நாள் எஞ்சினை ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிறுத்துவாள். வெளியே எடுக்கவில்லை. தனியாக ஒரு விதவை கார் ஓட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இல்லை அவளுக்கு. போவதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம் வக்கீல் தன் ஆள் மூலம் பத்திரிகையை அனுப்பியிருந்தார், பழைய வழக்கத்தை மறக்காமல். கம்பெனி இனி எல்லா வண்டியிலும் எண்ணெய் பிரேக்தான் என்று தீர்மானித்துவிட்டது. சுசீலாபாய் அதை இரண்டுமுறை படித்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். தோற்றவர் இல்லாத ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பத்திரிகையை மடித்து வைத்தாள். கை பிரேக்கைப் பற்றி அவர் என்ன பதில் வைத்திருந்தார் என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தாள். அவரைப் போலவே நினைத்துப் பார்த்தாள். வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து அண்ணன் ஞானசிகாமணி வந்தார். நல்ல மனிதர். ஊரில் இரண்டு அறை ஒழித்து வைத்திருந்தார். "தனியா கெடந்து என்ன செய்யப்போற, சுசீலா? நம்ம வீட்டுக்கு வா. கார இஞ்சயே வித்திருவோம். அங்க வந்து யாரு ஓட்டப்போறா?" என்றார். ஓட்ட ஆள் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

அவர்தான் வக்கீலையும் ராஜமணியையும் வரச்சொன்னார். வக்கீல் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சிநேகிதனின் வண்டி கண்டவர் கைக்குப் போகக்கூடாது என்று அவருக்கு.

மூவரும் காரைச் சுற்றி நின்றார்கள். முதலில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். சாவு வீட்டுப் பேச்சு. ஆனால் ராஜமணி குனிந்து சக்கரத்துக்கு உள்ளே பார்த்தவர், பழையபடி ஆகிவிட்டார்.

"வக்கீல் சார், இதாக்கும் பிரேக்கு. கண்ணுக்குத் தெரிஞ்ச கம்பி. இனிமே எண்ணையாம்ல! கம்பெனிக்காரனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

"அமெரிக்காக்காரன் புதுசுன்னா எதையும் தலையில கட்டிடுவான் ஓய். நான் சொல்லிண்டே இருக்கேனே!"

ஜன்னலுக்குள் நின்ற சுசீலாபாய் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குரல் பேசி நிறுத்திய இடத்தில், மூன்றாவது குரல் வரவேண்டிய இடைவெளி அப்படியே இருந்தது. அவள் காப்பித் தட்டை ஓமனாவிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"எண்ண பிரேக்குதான் சரி" என்றாள். "கம்பியில ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும். எறக்கத்துல வண்டி ஒரு பக்கமா இழுக்கும். எண்ணையில நாலும் ஒண்ணுபோலப் பிடிக்கும்."

இருவரும் திரும்பினார்கள். ராஜமணி கையிலிருந்த அழுக்கைத் துண்டில் துடைத்தார். வக்கீல் தலையை ஆட்டினார்.

"வாஸ்தவம்மா. ரொம்ப வாஸ்தவம்."

"மைனி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் ராஜமணி.

அவள் காத்திருந்தாள். எண்ணெய் ஒழுகிப்போனால் என்ன செய்வது என்று இவர்களில் ஒருவர் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. 

"ஆனா, அந்த இரும்புக் கூர இருக்கே," என்றாள், "அதப்போல முட்டாத்தனம் வேற இல்ல. துணிக்கூரதான் நம்ம ஊருக்கு நல்லது."

அவள் வாயிலிருந்து வந்த சுத்தப் பொய் அது. சத்தியதாஸ் இருந்திருந்தால் நாற்காலி கவிழ எழுந்திருப்பார்.

"அதுவும் சரிதான்" என்றார் வக்கீல் மெதுவாக.

"ஆமா மைனி. வெயிலுக்குத் துணிதான்" என்றார் ராஜமணி.

இரண்டு பேர் முகத்திலும் இரக்கம் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு வக்கீல், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, கண் கலங்கச் சொன்னார்: "சத்தியதாஸ் பேசற மாதிரியே இருக்கும்மா. அவர் சொன்னதையெல்லாம் எவ்வளவு நன்னா கேட்டு மனசுல வச்சுண்டிருக்கேள்!"

சுசீலாபாய் அவரைப் பார்த்தாள். அந்த வார்த்தைகள் தன்னுடையவை என்று சொல்லிவிடலாம். கூரை விஷயம், பிரேக் விஷயம், இன்னும் எத்தனையோ. சொன்னால் அவர்கள் அதையும் ஒத்துக்கொள்வார்கள். அல்லது, அந்த நாற்காலியில் இருந்தவரை ஒரு படி இறக்கி வைப்பார்கள். அவள், "ஆமா, எல்லாம் அவிய சொன்னதுதான்" என்றாள்.

உள்ளே போய் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் கல்லறைத் தோட்டத்திலும் வராத அழுகை. சத்தம் முற்றம்வரை கேட்டது. வெளியே ஆண்கள் காரைத் தொடாமல் நின்றார்கள்.

வக்கீலின் டிரைவர் ஐயப்பன் சபரிமலைக்குப் போயிருந்ததால், குறித்த நாளில் வண்டியைக் கோட்டைக்குக் கொண்டுபோக ஆளில்லை. ஞானசிகாமணி ஆள் தேடிப் புறப்பட்டபோது, "நானே கொண்டு விடுகேன் அண்ணே" என்றாள் சுசீலாபாய். அவர் தயங்கிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

பாளையம் வழியாக, கிழக்குக் கோட்டை வாசல்வரை நிதானமாக ஓட்டினாள். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வண்டி இலேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவள் கை தானாகவே அதை வலப்பக்கம் திருப்பிச் சரிசெய்தது. அக்ரஹாரத் தெருவில் வக்கீலின் வீட்டு முன்னால் நேராக, சுவரை ஒட்டி நிறுத்தினாள். வக்கீலின் மனைவி வாலாம்பாள் குங்குமச் சிமிழோடு வண்டிக்குப் பொட்டு வைக்க வந்தவள், சுசீலாபாயைப் பார்த்துச் சிமிழை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வைங்க. புது வீட்டுக்கு வந்த வண்டி" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுசீலாபாய் நடந்தாள்.

திரும்புவதற்கு ஜட்காதான் கிடைத்தது. குதிரைக் குளம்புச் சத்தத்தில் அண்ணனும் தங்கையும் வந்தார்கள்.  ஞானசிகாமணி எதையாவது பேச வேண்டும் என்று தேடி, எதிரே வந்து கடந்துபோன ஒரு புதுக் காரைக் கண்டுபிடித்தார்.

"இப்ப வாற வண்டியெல்லாம் என்னவோ மாத்திப் போட்டானுவளாமே. நல்லதா சுசீலா? ஒனக்குத்தான் தெரியுமே."

கார் போன பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணே" என்றாள்.